விழாவுக்குப் போகும் பேய்ப்படம்: வாசகர் கேள்வி – பதில்

இரவுக் காட்சிகளை இருட்டிலேயே எடுத்தோம். கணினியில் போட்டால் கறுப்பு முழுவதும் புள்ளி புள்ளியாகக் கொதிக்கிறது. கைப்பேசியில் எடுத்ததுதான் காரணமா?
— உவர்மலை வாசகர்

கைப்பேசியில் பிழையில்லை. வெளிச்சம் காணாது. திரையில் இருட்டாகத் தெரிய வேண்டிய இடத்துக்கும் எடுக்கும்போது ஒளி வேண்டும். ஒளி குறைந்தால் கைப்பேசி தன்பாட்டில் ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறனை) ஏற்றிவிடும். அதனால் படத்தில் வரும் இரைச்சல்தான் நீங்கள் பார்க்கும் புள்ளிகள். எல்லாவற்றையும் கையால் மாற்றக்கூடிய கமரா செயலி ஒன்றில் ஐஎஸ்ஓவை 800க்கு மேல் போகாமல் பூட்டிவிடுங்கள்.

பிறகு 50 வோட் எல்ஈடி ஃப்ளட் லைட் ஒன்றை யன்னலுக்கு வெளியே, நடிப்பவருக்குப் பின்பக்கமாக, 12 அல்லது 15 அடி தள்ளி உயரத்தில் கட்டுங்கள். இடையில் ஒரு வேப்பங்கொப்பைப் பிடித்தால் வெளிச்சம் உடைந்து விழும். முகத்துக்குத் தனி லைட் வேண்டாம். மீன் அடைக்கும் ரெஜிபோம் பெட்டியின் வெள்ளை மூடியை மூன்று அடியில் ஒரு பக்கமாகப் பிடியுங்கள். பின்னாலிருந்து வரும் ஒளி அதில் பட்டுத் திரும்பும். ஒரு கண் தெரியும், மற்றது இருட்டுக்குள் கிடக்கும். மண் முற்றமென்றால் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். ஈரத்தரை மினுங்காவிட்டால் ஆள் அந்தரத்தில் நிற்பது போலிருக்கும் (பேய்க்குச் சரி, பொலிஸ்காரருக்குச் சரிவராது). மிச்ச இருட்டை நிறத் திருத்தத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். குழல் விளக்கும் மலிவான எல்ஈடியும் நொடிக்கு 100 தடவை துடிக்கும். கைப்பேசி நொடிக்கு 30 ஃபிரேம், 1/60 நொடி ஷட்டரில் இருந்தால் படத்தில் பட்டைகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். 24 ஃபிரேம், 1/50 ஷட்டர் என்று வையுங்கள். எடுத்தபின் இதைத் திருத்துவது பெரும்பாடு.

கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டில் எடுத்தோம். வசனம் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் திடுக்கிட வேண்டிய இடத்தில் ஒருவரும் திடுக்கிடவில்லை.
— உப்புவெளி வாசகி

திடுக்கிட வைக்கும் சத்தத்துக்கு, கதவு அடிபடுவது என்று வைப்போம், முந்திய பத்து நொடியை ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். அங்கே அலை இரையும், மின்விசிறி சுற்றும், பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் உறுமும். அமைதியே இல்லாத இடத்தில் சத்தம் எப்படித் துள்ளும்? வசனத்தை உச்சம் −12 டெசிபெல் அளவில் (0 தான் மேலெல்லை) பதியுங்கள். இறுதிக் கலவையில் கதவடிக்கும் சத்தம் −3 வரை போகலாம். அதற்கு முந்திய அமைதி −45க்குக் கீழே இறங்க வேண்டும். மென்பொருளால் இரைச்சலை அளவுக்கு மிஞ்சி வழித்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும்.

ஆகவே எடுக்கும்போதே மைக்கின் முதுகு கடலைப் பார்க்கட்டும். கடற்பக்க யன்னலில் மெத்தையைச் சாத்துங்கள். சீமெந்துச் சுவர் அறையில் ஷொட்கன் மைக் (ஒரு திசையைக் குறிவைக்கும் நீள மைக்) எதிரொலியையும் சேர்த்து அள்ளும், சுவரில் சாரமும் போர்வையும் தொங்கவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்த்தால் வியர்க்கட்டும், பயந்தவனுக்கு வியர்க்கத்தானே செய்யும். ஒவ்வோர் அறையிலும் ஒருவரும் அசையாமல் ஒரு நிமிட வெற்று ஒலியைப் பதிந்து வையுங்கள். வெட்டுகளை ஒட்ட அது இல்லாமல் முடியாது. கச்சான் வீசும் மாதங்களில் வெளிப்புற வசனத்தை விடியற்புறத்துக்கு மாற்றுங்கள். மைக்குக்கு மயிர்த்தொப்பி போட்டாலும் பகற்காற்றுக்கு அது காணாது.

விழும் இரத்தம் தக்காளிச் சோஸ் மாதிரியே இருக்கிறது. என்ன செய்யலாம்?
— கிண்ணியா வாசகர்

கேக் சாமான் கடையில் திரவக் குளுக்கோஸ் வாங்குங்கள். 250 மில்லிலீற்றருக்குச் சுடுநீர் 50 மில்லிலீற்றர், சிவப்பு உணவுநிறம் 2 தேக்கரண்டி, கொக்கோத் தூள் 1 தேக்கரண்டி, நீல நிறம் ஒரே ஒரு துளி. கொக்கோவை முதலில் கொஞ்சம் சுடுநீரில் குழைக்காவிட்டால் கட்டி கட்டியாக மிதக்கும். கொக்கோ போட்டால் கண்ணாடி போல் ஒளி புகாது, சிவப்பும் கருக்கும். சோஸ் தோற்றம் போவது அந்தக் கருமையால்தான். எடுக்கப்போகும் லைட்டின் கீழேயே பரீட்சித்துப் பாருங்கள். மஞ்சள் மின்குமிழில் செம்மஞ்சளாகும், நீல ஒளியில் கறுத்துவிடும். தோலில் முதலில் தேங்காயெண்ணெய் பூசுங்கள், இல்லையேல் சாயம் இரண்டு நாள் போகாது. ஒரே சட்டையில் மூன்று வேண்டும். எறும்பு வரும், காட்சி முடிந்த கையோடு தரையைக் கழுவிவிடுங்கள்.

பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் இரவில் எடுக்கலாமா? ட்ரோனும் இருக்கிறது.
— திருகோணமலை நகர் வாசகர்

கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. எழுத்தில் அனுமதி இல்லாமல் கமராவை வெளியே எடுக்க வேண்டாம். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். கடற்படைத் தளமும் சீனக்குடா விமானத்தளமும் உள்ள ஊர் இது. பிளாஸ்டிக் துப்பாக்கியோடு இரவில் ஓடும் காட்சியென்றால் பொலிஸ் நிலையத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

என் குறும்படம் 22 நிமிடம். எந்த விழாவுக்கு அனுப்புவது? விண்ணப்பித்த இரண்டு நாளில் ஒரு விழா “சிறந்த திகில் படம்” என்று சான்றிதழ் அனுப்பியது. கேடயத்துக்குப் பணம் கேட்கிறது.
— மூதூர் வாசகர்

கேடயத்துக்குக் காசு அனுப்பாதீர்கள். மாதாமாதம் விருது, நூறு பிரிவுகள், திரையிடும் மண்டபத்தின் பெயர் எங்கும் இல்லை: இப்படியிருந்தால் அது விழா அல்ல, கடை. சென்ற வருட நிகழ்ச்சி நிரலைத் தேடுங்கள். எந்த மண்டபத்தில், எத்தனை மணிக்கு, எந்தப் படம் என்று இருக்க வேண்டும்.

இந்த வகைப் படங்களுக்கென்றே பேர்பெற்ற விழாக்கள் உண்டு. ஸ்பெயினின் சிட்ஜஸ் 1968 முதல் நடக்கிறது, ஒக்டோபரில். பிரசல்ஸ் விழா 1983இலும், மொன்றியல் நகரின் ஃபன்டேசியா 1996இலும், தென்கொரியாவின் புச்சொன் விழா 1997இலும் தொடங்கின. இவற்றில் இடம் கிடைப்பது கடினம். ஒன்றிரண்டுக்கு அனுப்பிவிட்டு மிச்சப் பணத்தைச் சிறிய திகில் விழாக்களுக்கு ஒதுக்குங்கள். விழாக்களுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும் ஃபில்ம்ஃப்ரீவே தளத்தில் முதற்கெடுவுக்குள் அனுப்பினால் கட்டணம் குறைவு. கட்டுமுன் கட்டண விலக்குக் கேட்டு இரண்டு வரி எழுதிப் பாருங்கள், சில விழாக்கள் கொடுக்கும்.

ஆனால் முதலில் படத்தை வெட்டுங்கள். குறும்படத் தொகுப்பு ஒன்று ஏறக்குறைய 90 நிமிடம். உங்களுடைய 22 நிமிடத்தில் ஏழு நிமிடப் படங்கள் மூன்றைப் போடலாம் என்றுதான் தேர்வாளர் கணக்குப் பார்ப்பார். தயாரிப்புச் சின்னம், நன்றி, வான் காட்சி என்று முதல் இரண்டு நிமிடத்தைக் கரைத்திருந்தால் கத்தரியை அங்கே வையுங்கள்.

ஆங்கிலத் துணைத்தலைப்பு ஒரு வரிக்கு 42 எழுத்துக்குள், இரண்டு வரிக்கு மேற்படாமல் இருக்கட்டும். உங்கள் கதையில் ‘முனி’ வந்தால் அதை வெறும் பேய் என்று மொழிபெயர்க்காதீர்கள், முனி என்றே விடுங்கள். ஆலமரத்தடிப் படையலைப் பார்த்த பிறகு பார்வையாளருக்குத் தானாக விளங்கும். வெள்ளைச் சேலை மோகினியைவிட அது புதிது.

தெரிவானால் டிசிபி (திரையரங்கில் போடும் டிஜிட்டல் சினிமாக் கோப்பு) கேட்பார்கள். அதைச் செய்ய டிசிபி-ஓ-மெட்டிக் இலவச மென்பொருள். ஃபிளாட் (Flat) என்னும் திரையளவென்றால் 1998 × 1080, 24 ஃபிரேம். 25இல் எடுத்திருந்தால் பழைய புரொஜெக்டர் சேர்வர்கள் மறுக்கலாம். 24க்கு மெதுவாக்கினால் 10 நிமிடப் படம் 10 நிமிடம் 25 நொடியாகும், குரலும் சற்றுத் தடிக்கும், அதைத் திருத்த மறக்காதீர்கள். ஊர் மண்டபத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். மடிக்கணினியில் தெரிந்த முகம் பெருந்திரையில் இருட்டோடு போயிருந்தால், அனுப்புமுன் அந்தக் காட்சியின் வெளிச்சத்தை மட்டும் அரைப்படி (ஹாஃப் ஸ்டொப்) ஏற்றுங்கள்.