வளவுக்கு அளவைத் தேர்ந்தால் முகப்பின் தேர்வு அழிவது ஏன்?

கேள்வி: ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றுக்கு ஆர்டர் படிவம் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் செய்கிறேன். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என வீட்டின் ஒவ்வோர் இடத்துக்கும் 8, 10, 12 அங்குலத்தில் ஒன்றைத் தேர வேண்டும். ரேடியோ பட்டன் குழுவை ஒரே காம்போனென்ட்டாக எழுதி ஐந்து இடத்தில் போட்டிருக்கிறேன். வளவுக்குத் தேர்ந்தால் முகப்பில் தேர்ந்தது போய்விடுகிறது. அடுப்படியில் '10 அங்குலம்' என்ற எழுத்தைத் தொட்டால் திண்ணையில் புள்ளி விழுகிறது. எங்கே தப்பு? (வாசகர், காரைக்குடி)

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். முதலாவது நேம் சம்பந்தப்பட்டது, இரண்டாவது ஐடி சம்பந்தப்பட்டது.

ஒரு படிவத்துக்குள் ஒரே நேம் கொண்ட ரேடியோ பட்டன்கள் எத்தனை இருந்தாலும் பிரவுசருக்கு அவை ஒரே குழுதான். ஐந்தையும் ஐந்து ஃபீல்டுசெட்டில் (தொடர்புடைய இன்புட்டுகளைத் தொகுக்கும் டேக்) பிரித்து வைத்தாலும் மாறாது. காம்போனென்ட்டுக்குள் 'அளவு' என்று நேமை நிரந்தரமாக எழுதியிருப்பீர்கள். அதை எடுத்துவிட்டு, நேமை வெளியிலிருந்து ப்ராப்பாக (காம்போனென்ட்டைப் போடும் இடத்தில் கொடுக்கும் மதிப்பாக) வாங்குங்கள். கொடுக்காமல் விட்டால் பிழை காட்டும்படி கட்டாயமாக்குங்கள். 'முகப்பு_அளவு', 'வளவு_அளவு' என்று படிவமே பெயர் சொல்லட்டும். சர்வருக்குப் போகும் பெயரும் அதுதான் என்பதால், அதைத் தீர்மானிக்க வேண்டியது படிவம், காம்போனென்ட் அல்ல.

ஐடி விஷயம் வேறு. ஒரே ஐடி ஐந்து முறை வந்தால், லேபிளின் ஃபார் பண்பு பக்கத்தில் முதலில் வரும் ஐடியைத்தான் பிடிக்கும். அதனால்தான் திண்ணையில் புள்ளி விழுகிறது. லேபிளுக்குள்ளேயே இன்புட்டை வைத்துவிட்டால் ஃபார் பண்பும் தேவையில்லை, அதற்கான ஐடியும் தேவையில்லை. பிழைச் செய்தியை இணைக்க ஓர் ஐடி வேண்டியிருக்கும். அதற்கு ரியாக்ட் 18-இல் வந்த, தனித்த ஐடி உருவாக்கித் தரும் யூஸ்ஐடி போதும். ரேண்டம் எண் வேண்டாம். சர்வரில் உருவான பக்கத்துக்கும் பிரவுசரில் உருவாகும் பக்கத்துக்கும் எண் மாறி எச்சரிக்கை வரும். அறையின் பெயரிலிருந்து ஐடி செய்யவும் வேண்டாம். 'இரண்டாம் கட்டு' என்பதில் இடைவெளி இருக்கிறது. பிழைச் செய்தியை இன்புட்டோடு இணைக்கும் ஏரியா-டிஸ்கிரைப்டுபை பண்பு அதை இரண்டு ஐடியாகப் பிரித்துப் படித்து, இரண்டையும் காணாமல் நின்றுவிடும்.

இவை சரியானதும் இன்னொரு சிக்கல் வரக்கூடும்: தொட்டாலும் புள்ளி விழாது. இன்புட்டிலிருந்து வரும் வேல்யூ எப்போதும் ஸ்ட்ரிங். உங்கள் பட்டியலில் 8 என்று எண்ணாக வைத்து, மூன்று சமக்குறியால் ஒப்பிட்டால் இரண்டும் பொருந்தாது. பட்டியலிலேயே ஸ்ட்ரிங்காக வையுங்கள், கணக்குப் போடும் இடத்தில் மட்டும் எண்ணாக்குங்கள். வேல்யூ எழுதவே மறந்தால் சர்வருக்கு 'ஆன்' என்ற சொல் மட்டும் போகும், எந்த அளவு என்று தெரியாது.

முன்கூட்டியே ஒன்றைத் தேர்ந்து வைக்கலாமா என்ற யோசனை அடுத்து எழும். இந்தப் படிவத்தில் கூடாது. 100 சதுர அடிக்கு 12 அங்குலக் கல் 100, 10 அங்குலம் 144, 8 அங்குலம் 225 வேண்டும்; சேதாரம் தனி. 12 தானாகத் தேர்வாகி இருக்க, 8 அங்குலம் வேண்டியவர் கவனிக்காமல் அனுப்பினால் பாதிக்கும் குறைவான கல்லுக்கு ஆர்டர் போகும். கையால் வார்க்கும் கல், மீதியை அன்றே வாங்கிவிட முடியாது. எனவே எதையும் தேராமல் விட்டு, ரிக்வயர்டு (தேராமல் அனுப்ப விடாத பண்பு) போடுங்கள். குழுவில் ஒன்றில் இருந்தாலே முழுக் குழுவுக்கும் செல்லும், எல்லாவற்றிலும் எழுதினால் படிப்பவருக்குக் குழப்பமில்லை. ஒருமுறை தேர்ந்த ரேடியோவைத் தொட்டு நீக்க முடியாது என்பதால் 'இந்த இடத்துக்கு வேண்டாம்' என்ற தேர்வும் கட்டாயம் இருக்கட்டும்.

பூ டிசைனைப் படமாகக் காட்டித் தேரச் செய்யும்போது பலர் அசல் இன்புட்டை டிஸ்பிளே நன் கொடுத்து மறைத்துவிடுகிறார்கள். இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். கீபோர்டில் வேலை செய்பவருக்கும் ஸ்கிரீன் ரீடரை நம்பியிருப்பவருக்கும் அந்தத் தேர்வே இல்லாமல் போகிறது. நிறம் மட்டும் மாற்ற வேண்டுமானால் சிஎஸ்எஸ்ஸில் ஆக்சென்ட்-கலர் ஒரே வரி. உருவமே மாற வேண்டுமானால் அப்பியரன்ஸ் நன் கொடுத்து நீங்களே வரையுங்கள்; ஃபோகஸ் கோட்டை அழிக்காதீர்கள். படத்தின் ஆல்ட்டில் (படத்துக்குப் பதிலான எழுத்தில்) டிசைன் பெயர் இருக்க வேண்டும். ஃபீல்டுசெட்டின் தலைப்பான லெஜண்டில் 'வளவு: கல் அளவு' என்று இடத்தின் பெயரோடு எழுதுங்கள், 'அளவு' மட்டும் ஐந்து முறை ஒலித்தால் கேட்பவருக்கு எந்த இடம் என்று புரியாது.

தேர்வுகளைச் செங்குத்தாக அடுக்குங்கள். பக்கவாட்டில் வைத்தால் போனில் புள்ளி ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலுமாக உடையும். எல்லோரும் பயன்படுத்தும்படி வலைப்பக்கம் அமைப்பதற்கான வழிகாட்டி டபிள்யூசிஏஜி 2.2-இன் ஏஏ நிலை கேட்கும் குறைந்தபட்சத் தொடுபரப்பு 24-க்கு 24 பிக்சல். லேபிள் வரி முழுவதையும் தொடும்படி 44 உயரம் வைப்பதே நல்லது.

கையிருப்பில் இல்லாத அளவை டிஸேபிள் செய்து, காரணத்தைப் பக்கத்திலேயே எழுதுங்கள். ரீட்ஒன்லி ரேடியோவில் வேலை செய்யாது.

சோதிக்கும்போது மவுஸை விட்டுவிடுங்கள். டேப் அழுத்தினால் குழுவுக்கு ஒருமுறைதான் நிற்க வேண்டும். உள்ளே அம்புக்குறி விசைகள் நகர்ந்துகொண்டே தேர வேண்டும். பிறகு ஐந்து இடத்துக்கும் வெவ்வேறாகத் தேர்ந்து அனுப்பி, நெட்வொர்க் பகுதியில் ஐந்து பெயரும் ஐந்து வேல்யூவும் போயிருக்கிறதா என்று பாருங்கள். ரிக்வயர்டை எடுத்துவிட்டு, ஓர் இடத்தைத் தேராமலும் அனுப்பிப் பாருங்கள்: அந்தப் பெயர் காலியாகப் போகாது, அடியோடு வராது. சர்வர் அந்த நிலையில் ஆர்டரை ஏற்காமல் திருப்பி அனுப்ப வேண்டும்.