பயிற்சிக்குப் பணம் கட்டவா, அந்தப் பணத்தில் மாடு வாங்கவா?

கேள்வி: வயது 26. நான்கு வருடமாக அலுவலக வேலை. இன்னும் ராஜினாமா கொடுக்கவில்லை. கையில் இருக்கும் சேமிப்பில் வீட்டுச் செலவு 24 மாதம் ஓடும். குடும்ப நிலம் 2 ஏக்கர் சும்மா கிடக்கிறது, அதில் கொஞ்சம் காய்கறியும் 2 கறவை மாடுகளுமாகத் தொடங்க ஆசை. விவசாயம் எனக்குத் தெரியாது. 10 மாதம் பண்ணையிலேயே தங்கிக் கற்றுக்கொள்ளும் பயிற்சி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், கட்டணம் என் சேமிப்பில் ஐந்தில் ஒரு பங்கு. அப்பாவோ, "அந்தக் காசுக்கு ஒரு மாடு வாங்கு, மாடே சொல்லிக்கொடுக்கும்" என்கிறார். என்ன செய்யட்டும் சார்?

பதில்: அப்பா சொல்வதில் பாதி சரி தம்பி. மாடு சொல்லிக்கொடுக்கும்தான், ஆனால் அதுவும் கட்டணம் வாங்கிக்கொண்டுதான் சொல்லிக்கொடுக்கும்.

முதலில் உங்கள் கணக்கைப் பணமாகப் பார்க்காமல் மாதமாகப் பாருங்கள். கையில் 24 மாதம். ஐந்தில் ஒரு பங்கு என்றால் கட்டணத்துக்கே ஏறக்குறைய 5 மாதம் போய்விடும். சம்பளம் இல்லாமல் பண்ணையில் இருக்கும் 10 மாதமும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், அது இன்னொரு 10. ஆக, சான்றிதழோடு வெளியே வரும்போது மிச்சம் 9 மாதம். இதில்தான் வேலி, தண்ணீர்க் குழாய், கொட்டகை, மாடு எல்லாம் வாங்க வேண்டும், முதல் காய் விற்கும் வரை சாப்பிடவும் வேண்டும். கட்டணம் அதிகமா குறைவா என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள், எனக்கு அந்த 10 மாதம் சம்பளம் நிற்பதுதான் உறுத்துகிறது.

அதற்காகப் பயிற்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. எதைக் காசு கொடுத்துக் கற்பது, எதை நாமே கெடுத்துக் கற்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். தக்காளியில் தவறினால் போவது ஒரு பாத்தி. நட்டதிலிருந்து இரண்டு, மூன்று மாதத்தில் காய்க்கும் பயிர் அது, இந்த முறை கெட்டால் அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். 2 ஏக்கரையும் உழாமல் 10 சென்டில் மட்டும் போட்டுக் கெடுங்கள், தப்பில்லை.

மாடு அப்படி இல்லை. கறக்க உட்கார்ந்ததும் முதல் இரண்டு மூன்று பீச்சலைப் பாத்திரத்தில் விடாமல் ஒரு கறுப்புத் தட்டில் பீச்சிப் பார்க்க வேண்டும். திரிதிரியாகவோ தண்ணீராகவோ இருந்தால் மடிநோய் தொடங்குகிறது என்று அர்த்தம். சாதாரணப் பாத்திரத்தில் வெள்ளைமேல் வெள்ளை, கண்ணுக்கே தெரியாது. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் பத்து மாட்டுப் பாலைத் தட்டில் பார்த்த கண்ணுக்குத்தான் எது சரி, எது கோளாறு என்று பிடிபடும். பார்க்கத் தவறினால் ஒரு காம்பு நிரந்தரமாக வற்றிப்போகலாம், மாட்டின் விலையும் அதோடு இறங்கிவிடும். இந்த வகைப் பாடத்தை அடுத்தவர் மாட்டில் கற்றுக்கொள்ளுங்கள், அதற்குக் காசு கொடுத்தாலும் லாபம்தான். மருந்து அடிப்பதும் இதே கதை. தெளிப்பானில் வெறும் தண்ணீரை ஊற்றி, அளந்த இடத்தில் நடந்து அடித்து, எவ்வளவு தீர்ந்தது என்று பார்த்த பிறகே மருந்தின் அளவைக் கணக்கிட வேண்டும். கண்ணளவில் ஊற்றினால் காசு வீண், பயிரும் கருகலாம்.

என் யோசனை இது. வேலையை விடாதீர்கள். பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பண்ணையில் ஒரு பருவம் முழுக்க சனி, ஞாயிறு வேலைக்குப் போங்கள், கூலி இல்லாமல் போனாலும் சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆளுக்குச் செவ்வாய் அதிகாலையில் மாடு கன்று போடுவது தெரியாது, அதனால் மாடு கன்று ஈனும் சமயமாகப் பார்த்து ஒரு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்து அங்கேயே தங்குங்கள். சேமிப்பில் ஒரு மாதம்தான் குறையும். 1971-ல் இங்கிலாந்தில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய வூஃப் என்ற ஏற்பாடு இருக்கிறது, இயற்கைப் பண்ணையில் தினம் சில மணி நேரம் வேலை செய்தால் சாப்பாடும் தங்க இடமும் கிடைக்கும். உடம்பு வளைய அது நல்ல பழக்கம். கணக்கு வழக்கையும் அங்கே கற்றுக்கொள்ளலாம் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் பயிற்சியில் ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள்: அவர்களுடைய வருமானத்தில் விளைச்சலை விற்று வருவது எவ்வளவு, பயிற்சிக் கட்டணம் எவ்வளவு? வரவு செலவு நோட்டைக் காட்டத் தயங்கும் பண்ணையில் நடவு கற்கலாம், தொழில் கற்க முடியாது. உதவித்தொகையோ, உங்கள் கையில் விட்ட பாத்தியின் விற்பனையில் பங்கோ தருகிறார்கள் என்றால் மேலே போட்ட கணக்கு மாறும், அப்போது சேர்வதில் எனக்கு மறுப்பு இல்லை.

கடன் வாங்கி மாடு வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அங்கேதான் வந்து நிற்பீர்கள். கன்று போட்டு ஒன்றரை, இரண்டு மாதத்தில் பால் உச்சத்துக்கு வரும், அப்புறம் மெல்ல இறங்கும். விற்பவர் காட்டுவது பெரும்பாலும் அந்த உச்சப் பாலைத்தான். அதை 365-ஆல் பெருக்கிக் கணக்குப் போட்டு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஒழுங்காகப் போனாலே கறவை சுமார் 305 நாள், அடுத்த கன்றுக்கு முன் சுமார் 60 நாள் மடி வற்றவிட வேண்டும். அந்த இரண்டு மாதமும் தீவனச் செலவு நிற்காது, தவணையும் நிற்காது. ஆகவே இரண்டு மாடுகளையும் ஒரே நாளில் வாங்காமல், கன்று போடும் காலம் ஐந்தாறு மாதம் தள்ளி வரும்படி வாங்குங்கள், ஒன்று வற்றும்போது இன்னொன்று கறக்கும்.

இப்போதைக்கு 10 சென்ட் காய்கறியும் ஒரு நோட்டும் போதும். விதை, உரம், ஆள் கூலி, உங்கள் சொந்த உழைப்பு எத்தனை மணி நேரம், எல்லாவற்றையும் அன்றன்றே எழுதுங்கள். விடுப்பு மாதம் முடிந்ததும் அந்த நோட்டுக் கணக்கோடு திரும்ப எழுதுங்கள், மாட்டை அப்போது பேசிக்கொள்ளலாம்.