கிராபிக்ஸ் அட்டை பெட்டிக்குள் இருக்கிறது, பொயிங்க் மட்டும் இல்லை என்கிறது. என்ன செய்வது?

கேள்வி: வீட்டுக் கணினியின் ஓய்வு நேரத்தை அறிவியல் ஆய்வுக் கணக்குகளுக்குக் கொடுக்கும் பொயிங்க் நிரலை, உபுண்டு லினக்ஸில் நிறுவினேன். செயலியில் வேலை ஓடுகிறது, ஆனால் என்விடியா அட்டையைக் காணவில்லை என்கிறது. வன்னி வெயிலில் இதை ஓடவிடுவது புத்தியா?

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். இதே வியாதியால் எனக்கு மூன்று இரவுகள் வீணாகின. இரண்டாம் கையாக வாங்கிய ஜிடிஎக்ஸ் 1060 பழுதென்று நினைத்து, விற்றவரை மனதுக்குள் திட்டியும் தீர்த்துவிட்டேன். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

முதலில் டிரைவரை, அதாவது அட்டையை இயக்கும் மென்பொருளைப் பாருங்கள். லினக்ஸோடு வரும் நூவோ டிரைவர் திரையில் படம் காட்டும், இந்தக் கணக்குகளுக்கு உதவாது. என்விடியாவின் சொந்த டிரைவரும், அட்டையில் கணக்குகளை ஓட்ட உதவும் ஓப்பன்சிஎல் நூலகமும் வேண்டும். இரண்டும் வந்துவிட்டனவா என்று அறிய, சிஎல்இன்ஃபோ என்ற சிறு நிரலை ஓட்டுங்கள்.

நான் ஏமாந்தது இதற்கு அடுத்த இடத்தில். சிஎல்இன்ஃபோ என் அட்டையின் பெயரை அழகாகக் காட்டியது. பொயிங்க் பதிவேட்டிலோ அட்டை இல்லை என்றே இருந்தது. காரணம், பொயிங்க் உங்கள் பெயரில் ஓடுவதில்லை. நிறுவும்போது ‘பொயிங்க்’ என்று தனியாக ஒரு பயனர் உருவாகிறார். வீட்டுக்குள் குடியிருந்தாலும் அறைச் சாவி அவரிடம் இல்லை. அவரை ‘வீடியோ’, ‘ரெண்டர்’ ஆகிய இரண்டு குழுக்களிலும் சேர்த்துவிடுங்கள். பிறகு சிஎல்இன்ஃபோவை அந்தப் பயனரின் பெயரிலேயே ஓட்டிப் பாருங்கள். அங்கும் அட்டை தெரிந்தால்தான் காரியம் முடிந்தது.

அதன்பின் பொயிங்க் சேவையை மறுபடி தொடங்குங்கள். அது தொடங்கும்போது மட்டுமே அட்டையைத் தேடும். கணினி எழும்பும்போது டிரைவருக்கு முன் பொயிங்க் முந்திக்கொண்டாலும் இதே முறைப்பாடு வரும், அதற்கும் இதே மருந்துதான். இரண்டு வேறு ரக அட்டைகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: பொயிங்க் திறன் கூடியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். பொயிங்கின் அமைப்புகளை எழுதிவைக்கும் சிசி_கான்ஃபிக் கோப்பில் எல்லா அட்டைகளையும் பயன்படுத்தச் சொல்லும் வரியை 1 ஆக்க வேண்டும்.

இனி வெயில். அதைவிடப் பெரிய கவலை மின்கட்டணம். மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட ஊர் இது. ஆளில்லாத அறையில் விசிறி சுற்றினாலே அம்மாவுக்குப் பொறுக்காது. நான் பொயிங்க் வழியாக ஐன்ஸ்டைன் அட் ஹோம் என்ற ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்து துடிவிண்மீன் (பல்சர்) தேடுகிறேன் என்றதும், “வானத்து வெள்ளிக்கு நாங்கள் ஏன் காசு கட்ட வேண்டும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 120 வாட் அட்டை இரவு பகலாக ஓடினால் 30 நாளில் 86 அலகுக்கு மேல். நமக்கு அலகு கூடக்கூட ஒவ்வோர் அலகின் விலையும் ஏறும் என்பது தெரிந்ததுதானே.

அதனால் என்விடியா டிரைவரோடு வரும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையால் அட்டையின் மின் உச்ச வரம்பை 80 வாட்டுக்கு இறக்கினேன். பொயிங்க் அமைப்பில் இரவு 10 முதல் காலை 6 வரை மட்டும் ஓடும்படி நேரம் குறித்தேன். இப்போது அட்டையின் பங்கு மாதம் 19 அலகு சொச்சம். பகல் வெயிலில் ஓடாததால் சூட்டுக் கவலையும் குறைந்தது. வேலை கொஞ்சம் மெதுவாக முடிகிறது, அவ்வளவுதான். சில அட்டைகளில் இந்த வரம்பை மாற்ற முடியாது. மாற்ற முடிந்தாலும் கணினியை அணைத்தால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். ஆகவே தொடக்கத்தில் தானாக ஓடும் சிறு சேவையாக எழுதி வையுங்கள்.

மின்வெட்டுக்குப் பயப்பட வேண்டாம். பெரும்பாலான வேலைகள் இடையிடையே தம் நிலையைச் சேமித்துக்கொள்ளும், இழப்பு சில நிமிடங்கள்தான். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் புழுதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை விசிறியைக் கழற்றியபோது, கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய மண் வெப்பத்தகடுகளின் இடையெல்லாம் அடைத்துக் கம்பளிபோல் நின்றது. தூரிகையால் தட்டி எடுத்தேன்.

பழைய வழிகாட்டிகளைப் பார்த்து, வேற்றுக்கிரக உயிர்களின் சமிக்ஞையைத் தேடிய செட்டி அட் ஹோம் திட்டத்தைச் சேர்க்காதீர்கள். அது 2020 மார்ச்சோடு வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் அட்டை தெரியாவிட்டால், பொயிங்க் பதிவேட்டின் முதல் இருபது வரிகளை இங்கே போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.