அடுத்தவர் ஜெபத்தோடு என் ஜெபத்தை அளக்கலாமா?

கேள்வி: காப்பித் தோட்டம் ஒன்றில், பறித்து வரும் பழத்தை எடை போட்டுப் பெயருக்கு நேரே எழுதுவது என் வேலை. எங்கள் சபையின் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு சகோதரி நெடுநேரம் கண்ணீரோடு ஜெபிக்கிறார். தவறாமல் உபவாசம் இருக்கிறார். நானோ படுக்கையில் இருக்கும் கணவரைக் கவனித்துவிட்டு, வேதாகமத்தில் ஒரு சங்கீதம் வாசிப்பதற்குள் வேலைக்கு நேரமாகிவிடுகிறது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஆலயத்துக்கு வருகிறவர்களைவிட நான் பரவாயில்லை என்று தேற்றிக்கொள்கிறேன். என் விசுவாசம் குறைவுபட்டதுதானா?
- ஒரு சகோதரி, ஏற்காடு

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் உங்கள் வேலையைப் பற்றியே ஒன்று கேட்கிறேன். செங்குத்தான சரிவில், வயதான செடிகள் நிற்கும் வரிசை கிடைத்தவர் மாலையில் குறைந்த எடையோடு வந்தால், அவரைச் சோம்பேறி என்று எண்ணுவீர்களா? ஒரே செடியில்கூடப் பழங்கள் ஒன்றாகச் சிவப்பதில்லை என்பதும், அதனால்தான் அதே வரிசைக்குப் பலமுறை திரும்பப் போய்ப் பழுத்ததை மட்டும் பறிக்கிறார்கள் என்பதும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பிறருக்கு மனதார வழங்கும் இந்த நியாயத்தை உங்களுக்கு மட்டும் ஏன் மறுக்கிறீர்கள்? நோயாளியின் படுக்கையருகே தொடங்கும் உங்கள் விடியற்காலையை, அந்தச் சகோதரியின் விடியற்காலையோடு எந்தக் கணக்கில் சேர்த்து எழுத முடியும்?

மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில், இயேசு சொன்ன உவமையில் வரும் எஜமான் தன் ஊழியக்காரருக்கு, அவனவன் திறமைக்குத் தக்கதாக ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளை, அதாவது பெரும் பணத்தை, கொடுக்கிறான். ஐந்தைப் பத்தாக்கியவனும் இரண்டை நான்காக்கியவனும் கேட்ட பாராட்டு ஒன்றேதான்.

யோவான் 21-ஆம் அதிகாரத்தையும் மெதுவாக வாசியுங்கள். ஆடுகளை மேய்க்கும் பொறுப்பைப் பெற்று, தன் மரணம் எப்படி இருக்கும் என்பதையும் கேட்டறிந்த பேதுரு, உடனே திரும்பி, பின்னால் வந்த சீஷனைப் பார்த்து, "இவன் காரியம் என்ன" என்கிறான். இருவரில் யார் மேல் என்று கர்த்தர் சொல்லவில்லை. "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்றார். வெகுகாலம் இதை வெறும் கண்டிப்பாகவே வாசித்துவந்தேன். இப்போது அதில் இளைப்பாறுதலும் தெரிகிறது. ஏனெனில், மற்றவனின் வழியைப் பற்றிய பாரம் பேதுருவின் தோளிலிருந்து அங்கே இறக்கப்படுகிறது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது, நீங்கள் ஆறுதலாக எழுதிய அந்த வரிதான். லூக்கா 18-இல், வரி வசூலிக்கும் ஆயக்காரனைப்போல் தான் இல்லை என்று நன்றி செலுத்திய, மதச் சட்டத்தில் கண்டிப்பான பரிசேயன் தேடிக்கொண்டதும் இதே ஆறுதல். மேலே பார்த்து நொந்துகொள்வதும் கீழே பார்த்துத் தேறுவதும் ஒரே தராசின் இரு தட்டுகள். தராசையே கீழே வைத்தால்தான் இரண்டும் நிற்கும். எனக்கும் இந்த நோய் இருந்தது. ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில், உடன் ஊழியரின் பிரசங்கத்துக்குக் கூடியவர்களை எண்ணிக்கொண்டிருந்ததால், என் கதவைத் தட்டியவர்கள் சொன்னதை முழு மனதோடு கேட்கத் தவறினேன். அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

காலையில் வாசிக்கும் அந்த ஒரு சங்கீதத்தை உங்கள் கணவரின் காதில் விழும்படி வாசியுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை அந்தச் சகோதரியின் பக்கத்தில் அமர்ந்து, கணவருக்காக ஜெபிக்கும்படி அவரிடமே கேளுங்கள். அவ்வளவு கண்ணீரோடு ஜெபிப்பவரின் வீட்டிலும் ஏதோ ஒரு பாரம் இருக்கக்கூடும். அவர் சொன்னால், அதையும் உங்கள் காலை ஜெபத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.