அடுக்குமாடியில் துணி காயப்போடலாமா? கேள்வி பதில்

கேள்வி: டிரையர் போட்டால் அப்படி என்ன கரண்ட் செலவாகிவிடும்?

பதில்: துணியைச் சுழற்றுவதற்குக் கொஞ்சம்தான் போகும். தண்ணீரை ஆவியாக்கத்தான் பெரும்பகுதி போகிறது. ஒரு லிட்டருக்குச் சுமார் 0.65 யூனிட் தேவை. மெஷின் பிழிந்த பிறகும் ஒரு லோடு துணியில் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் தங்கியிருக்கும். வெளியே வீணாகும் சூட்டையும் சேர்த்தால், ஹீட்டர் வைத்த சாதாரண டிரையர் ஒரு தடவைக்கு 2 முதல் 4 யூனிட் வரை இழுக்கும். சூட்டை வெளியே விடாமல் திரும்பப் பயன்படுத்தும் ஹீட் பம்ப் டிரையருக்கு ஏறத்தாழ அதில் பாதி. கொடியில் போட்டால் அதுவும் மிச்சம்.

கேள்வி: கட்டிடத்தின் அழகு கெட்டுவிடும் என்று பால்கனியில் துணி காயப்போட எங்கள் குடியிருப்போர் சங்கம் தடை போட்டிருக்கிறது. என்ன சொல்லிக் கேட்பது?

பதில்: அவர்கள் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கண்ணை உறுத்துவது பெரும்பாலும் கைப்பிடிக் கம்பிமேல் தொங்கும் போர்வைதான். கீழ்வீட்டில் சொட்டுவதும் அதுதான். சட்டங்களும் அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்கின்றன. கொடி கட்டுவதைத் தடுக்கக் கூடாது என்று அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 1980-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அடுக்குமாடிகளின் பால்கனிக் கைப்பிடிகளுக்கு அது பொருந்தாது. கலிஃபோர்னியாவின் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் வாடகைக்கு இருப்பவர்களும் கொடியோ ஸ்டாண்டோ வைக்கச் சில நிபந்தனைகளோடு இடம் தருகிறது. ஆனால் கைப்பிடி போன்ற கட்டிடப் பகுதிகளைக் கொடியாக ஏற்பதில்லை.

அதனால் "தடையை எடுங்கள்" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். கைப்பிடி உயரத்தைத் தாண்டாத மடக்கு ஸ்டாண்ட், நன்றாகப் பிழிந்த துணி மட்டும், இருட்டுவதற்குள் எடுத்துவிடுவது. இந்த மூன்றையும் எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் பார்க்கச் சொல்லுங்கள். சங்கத்துக்கும் சரி என்று சொல்வது எளிதாக இருக்கும்.

கேள்வி: எங்கள் பால்கனியில் வெயிலே விழாதே?

பதில்: காற்றோட்டம் இருந்தால் போதும். துணிகளுக்கு நடுவே கையளவு இடைவெளி விடுங்கள், மெஷினில் ஸ்பின் வேகத்தைக் கூட்டுங்கள். நிழலில் சாயமும் வெளுக்காது.

கேள்வி: பேசாமல் வீட்டுக்குள்ளேயே காயப்போட்டால் என்ன?

பதில்: அந்த இரண்டு மூன்று லிட்டரும் அறைக்காற்றில்தான் கலக்கும். ஜன்னலை மூடி வைத்தால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களுக்கு அது ஆகவே ஆகாது. வேறு வழியில்லை என்றால் ஜன்னலைத் திறந்து, ஃபேனையும் போட்டுவிடுங்கள். டிரையரோடு பார்த்தால் ஃபேனுக்கு ஆகும் கரண்ட் மிகக் குறைவு.

கேள்வி: மொட்டை மாடியில் பொதுக் கொடி கட்டினால் இடத்துக்குச் சண்டை வருமே?

பதில்: வீட்டு எண்படி நாள் பிரித்துவிடுங்கள். அப்புறம், கிளிப் போடாமல் யாரும் காயப்போடக் கூடாது.