ஜப்பானில் சம்பளத்துடன் கூடிய விடுப்பு இருந்தும் பலர் அதை முழுவதும் எடுப்பதில்லையே, ஏன்?

"கடமையுணர்ச்சி" என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது பாதி விளக்கமாகத்தான் படுகிறது.

ஆறு மாதம் பணியாற்றி, வேலை நாட்களில் 80 சதவீதமாவது வந்திருக்கும் முழுநேர ஊழியருக்கு 10 நாள் விடுப்பு உண்டு. ஆறரை ஆண்டுப் பணிக்குப் பிறகு அது 20 நாளாகும். ஆனால் சம்பளத்துடன் தனியாக நோய் விடுப்பு தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஊழியர் காப்பீட்டின் உதவித்தொகை நான்காம் நாளிலிருந்துதான் கிடைக்கும், அதுவும் சம்பளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. ஆக, இரண்டு நாள் காய்ச்சலென்றாலும் ஆண்டு விடுப்பில்தான் கைவைக்க வேண்டும். அதற்கென்றே சேர்த்து வைக்கிறார்கள். எடுக்காத நாட்கள் இரண்டு ஆண்டில் காலாவதியாகின்றன.

அடுத்தது கூச்சம். ஒருவர் வராவிட்டால் அவருடைய வேலை பெரும்பாலும் பக்கத்து மேசைக்காரர் தலையில் விழும். பயணம் போய் வந்தவர் அந்த ஊர்த் தின்பண்டப் பெட்டியைக் கொண்டுவந்து அலுவலகத்தில் எல்லோருக்கும் கொடுப்பதில் இந்தக் கூச்சத்துக்கும் பங்குண்டு. ஏப்ரல் இறுதி, மே தொடக்க விடுமுறைகளிலும் ஆகஸ்டில் முன்னோரை நினைக்கும் ஓபோன் நாட்களிலும் ஊரே கிளம்புவதால் யாருக்கும் சங்கடமில்லை.

2019 ஏப்ரல் முதல், 10 நாளோ அதற்கு மேலோ விடுப்பு பெறுபவர்களை ஆண்டுக்கு 5 நாளாவது எடுக்கவைப்பது நிறுவனத்தின் பொறுப்பு. தவறினால் 3 லட்சம் யென் வரை அபராதம். அதன் பிறகு, பாதியைச் சுற்றியே கிடந்த விடுப்புப் பயன்பாடு 60 சதவீதத்தைத் தாண்டியது.