நாலு கோடி இலக்கம், வகுத்துப் பார்த்தது யார்?

கேள்வி: 2024 அக்டோபரில் கண்டுபிடித்த பகா எண்ணில் 4,10,24,320 இலக்கங்கள் இருக்கிறதாமே? அதை வேறெந்த எண்ணும் வகுக்காது என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தார்களா?

பதில்: வகுக்க உட்கார்ந்தால் பூமியின் ஆயுள் போதாது. 136279841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி 1 கழித்தால் வருவதுதான் அந்த எண், இந்த வடிவத்தில் வரும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர், இவற்றுக்கென்றே லூகாஸ்-லேமர் சோதனை என்று ஒன்று இருக்கிறது. சின்ன எண்ணில் செய்து பாருங்கள். ஏழு இரண்டுகளைப் பெருக்கினால் 128, ஒன்று போனால் 127. இப்போது 4-இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து, 2 கழித்து, 127-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த மீதியோடு மறுபடி அதையே செய்ய வேண்டும். 4, 14, 67, 42, 111 என்று போகும். அப்புறம் 111-இன் வர்க்கம் 12321, இரண்டு போனால் 12319, அது சரியாக 127 × 97. மீதி பூஜ்யம்! எத்தனை இரண்டுகளைப் பெருக்கினோமோ அதைவிட இரண்டு குறைவான சுற்றுகள், அதாவது இங்கே ஐந்து. கடைசிச் சுற்றில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை, அவ்வளவுதான். பெரிய எண்ணுக்கும் இதே வேலைதான், சுற்றுகள் மட்டும் பதின்மூன்று கோடிக்கு மேல்.

எனக்கு இதில் பிடித்தது வேறு. பகா எண் இல்லை என்று இந்தச் சோதனை சொல்லும், ஆனால் எது வகுக்கும் என்று வாயே திறக்காது. 67 இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தால் வருவது பகா எண் இல்லை என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூகாஸ் 1876-இலேயே காட்டிவிட்டார், காரணி ஒன்றுகூடக் கையில் இல்லாமல். அது 193707721 × 761838257287 என்று அமெரிக்கக் கணிதவியலாளர் கோல் 1903-இல் சொல்லும்வரை உலகம் காத்திருந்தது.

கேள்வி: வங்கிப் பரிமாற்றங்களின் ரகசியக் குறியீட்டுக்கு இந்த எண் உதவுமா?

பதில்: உதவாது. அங்கே தேவைப்படுவது முந்நூறு இலக்கம் அளவுள்ள, யாருக்கும் தெரியாத பகா எண்கள். இதுவோ ஊரறிந்த எண், போதாததற்கு இவ்வளவு பெரிய உடம்பு.

கேள்வி: முழுதாக எழுதாமலே அதன் கடைசி இலக்கத்தைச் சொல்ல முடியுமா?

பதில்: தாராளமாக. இரண்டின் அடுக்குகள் 2, 4, 8, 6 என்ற இலக்கங்களில்தான் மாறி மாறி முடியும். 136279841-ஐ நாலால் வகுத்தால் மீதி 1, ஆகவே அந்த அடுக்கு 2-இல் முடியும். ஒன்றைக் கழித்தால் கடைசி இலக்கம் 1.